சென்னைத் தெருவில் குப்பையைக் குறைக்கும் தன்னார்வலர் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அது போய்ச் சேர்ந்த இடங்கள் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி. நம் வீட்டுக் கூடையில் கிடப்பதில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். அதை அங்கே அனுப்பாமலே முடித்துவிடலாம். தங்கள் தெருவிலோ அடுக்குமாடியிலோ இதைத் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

தன்னார்வலர் என்றால் ஞாயிற்றுக்கிழமை தெரு கூட்டுவதா?

இல்லை. கையுறை போட்டு, படம் எடுத்து, ஒரு முனையைச் சுத்தம் செய்தால் செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் அதே குவியல் இருக்கும். குப்பை கலப்பது தெருவில் இல்லை, சமையலறையில். அதனால் குழுவின் முதல் வேலை குப்பை கலப்பதை வீட்டு வாசலிலேயே நிறுத்துவது. அது நிலைத்த பிறகுதான் உரம், விருந்துக்குப் பாத்திரம் இரவல் தரும் பாத்திர வங்கி, பழுதுபார்ப்பு மேசை எல்லாம். இந்த வரிசையை மாற்றினால் எதுவும் நிற்காது. பிரிக்காத தெருவில் உரத்தொட்டி வைத்தால் மூன்றாம் வாரம் அது குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

எத்தனை பேர் வேண்டும்?

15 முதல் 20 வீட்டுக்கு ஒருவர். 60 வீட்டுத் தெருவுக்கு நான்கு பேர் இருந்தால் ஊருக்குப் போகும்போதும் காய்ச்சலில் படுக்கும்போதும் வேலை நிற்காது. நால்வரில் ஒருவராவது குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி வரும் காலை நேரத்தில் வாசலில் நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும். இன்னொருவர் கணக்கு எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவைக் கடைசியாகத் தொடங்குங்கள். முதல் நாளே தொடங்கினால் விவாதம் நடக்கும், வேலை நடக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

எடை போடுவதிலிருந்து. கொக்கி வைத்த டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று போதும். தொடர்ந்து மூன்று நாள் எடை போடுங்கள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். கறி, மீன் சமைக்கும் நாளில் ஈரக் கழிவின் அளவும் தன்மையும் வேறு. 10 வீட்டுக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி ஈரம், உலர், மற்றவை என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நால்வர் உள்ள வீட்டில் ஈரக் கழிவு நாளொன்றுக்குப் பொதுவாக முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரும். உரத்தொட்டியின் அளவை இந்த எண்தான் முடிவு செய்யும், குத்துமதிப்பு அல்ல.

எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும்?

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் வரும் அபாயகரமான கழிவு. 2026-இன் புதிய விதிகள் நான்காக்கின: ஈரக் கழிவு, உலர் கழிவு, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. நடைமுறையில் வீட்டுக்கு ஈரத்துக்கும் உலருக்கும் இரண்டு கூடையும் மற்றவற்றுக்கு இரண்டு பைகளும் போதும்.

ஈரக் கூடைக்குள் பிளாஸ்டிக் கவர் போடவே கூடாது. செய்தித்தாள் இரண்டு தாளை மடித்து அடியில் போட்டால் நீரை உறிஞ்சும், அப்படியே உரத்தொட்டியில் கவிழ்க்கலாம். நாப்கின், டயப்பர், காயத்துக்குக் கட்டிய துணி ஆகிய சானிட்டரி கழிவைத் தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போடுங்கள். குறி இல்லாவிட்டால் தூய்மைப் பணியாளர் அதைப் பிரித்துப் பார்க்க நேரிடும். தனிக் கவனம் தேவைப்படும் கழிவுக்கான பையில் பேட்டரி செல், டியூப்லைட், காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா, கொசுமருந்து பாட்டில். டியூப்லைட்டிலும் பழைய சிஎஃப்எல் விளக்கிலும் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டை உறையோடு கொடுக்க வேண்டும்.

எதில் அதிகம் தவறு நடக்கிறது?

பால் பாக்கெட்டில். மூலையை முழுதாக வெட்டி எடுத்தால் அந்தச் சின்னத் துண்டு யார் கைக்கும் வராமல் சாக்கடைக்குப் போகும், அல்லது உரத்தில் கிடக்கும். பாதிவரை மட்டும் வெட்டி, துண்டு பாக்கெட்டோடு ஒட்டியபடி இருக்கட்டும். பாலை ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். காய்ந்த பாக்கெட்டுக்கு நல்ல விலை உண்டு. நாறும் பாக்கெட்டை எந்தப் பழைய பேப்பர்க்காரரும் தொடமாட்டார்.

காகித டீ கப்பைக் காகிதத்தோடு போடுவது அடுத்த தவறு. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று, ஆனால் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பரோட்டா பார்சலில் இலை மாதிரி பச்சையாக இருக்கும் தாளும் பிளாஸ்டிக்தான். ‘மக்கும் பை’ என்று அச்சிட்டவை பெரும்பாலும் தொழிற்சாலை அளவு வெப்பத்தில்தான் மக்கும். நம் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சிப்ஸ், பிஸ்கட் உறைகளை மறுசுழற்சிக்கு யாரும் வாங்குவதில்லை. பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதே அதிகபட்சம். இருந்தாலும் உலர் கூடையில்தான் போட வேண்டும்.

இளநீர்க் கூட்டை உரத்தொட்டியில் போடாதீர்கள். அது மக்க ஒரு வருடத்துக்கும் மேலாகும். வெட்டவெளியில் விட்டாலோ மழைநீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். நான்காகப் பிளந்து தனிச் சாக்கில் கட்டிக் கொடுங்கள்.

எத்தனை முறை சொன்னாலும் சில வீடுகள் பிரிப்பதில்லையே?

யாரிடம் சொன்னீர்கள் என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் குப்பையை வெளியே கொண்டுவருபவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். துண்டுப் பிரசுரம் வீட்டுக்காரர் மேசையில் கிடக்கும். வேலைக்கு வருபவர்களை மட்டும் கூப்பிட்டு, வாசலில் வைத்து, உண்மையான குப்பையைக் கொண்டே பத்து நிமிடம் காட்டுங்கள். குடிவந்து ஒரு மாதம் ஆகாத வாடகை வீடுகளுக்கும் தனியாகப் போக வேண்டும்.

அதன் பிறகு மூன்று வாரம் வண்டி வரும் நேரத்தில் தன்னார்வலர் கூட நின்று பார்க்க வேண்டும். கலந்து வந்தால் திட்ட வேண்டாம், வாங்கவும் வேண்டாம். “இதை மட்டும் பிரிச்சுக் குடுங்க, வண்டி ரெண்டு நிமிஷம் நிக்கும்” என்றால் போதும். அபராதம், பெயர்ப்பலகை, குழுவில் படம் போடுவது எல்லாம் பகையைத்தான் வளர்க்கும். பத்தில் ஒரு வீடு கடைசிவரை மாறாமல் இருக்கலாம். அதற்காக மற்ற ஒன்பதை நிறுத்தி வைக்காதீர்கள்.

நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே?

நடக்கிறது. வண்டியில் தனித்தனி டப்பா இருந்தும் ஒன்று நிறைந்துவிட்டால் மற்றதில் கொட்டுவார்கள். முந்தைய தெருவில் கலந்து வாங்கியிருந்தால் உங்கள் தெருவுக்கு வரும்போது இடமிருக்காது. பணியாளரோடு சண்டை போடுவதில் பயனில்லை, வழித்தடத்தை அவர் தீர்மானிப்பதில்லை. தேதி, நேரம், வண்டி எண் ஆகியவற்றை ஒரு வாரம் எழுதி வைத்து, வார்டு அலுவலகத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். உலர் கழிவை வாரம் ஒருநாள் மட்டும் தனியாக எடுக்கக் கேளுங்கள். காய்ந்த குப்பை நாறாது, வீட்டிலேயே ஒரு வாரம் இருக்கலாம். இந்த ஒரு மாற்றம் கலப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பேச்சு நடக்காவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

உலர் கழிவை விற்று வரும் பணத்தைக் குழு எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காமல் இருப்பது நல்லது. அட்டை, பாட்டில், பால் கவர் ஆகியவற்றைக் காயலான் கடையில் போட்டு வரும் தொகை தூய்மைப் பணியாளருக்கு ஒரு பக்க வருமானம். அதில் கை வைத்தால் ஒத்துழைப்பு அன்றோடு போகும்.

20 வீட்டுக்கு உரத்தொட்டி எவ்வளவு பெரியது?

20 வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 16 கிலோ ஈரக் கழிவு வரும். 3 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி உயரத்தில் கம்பி வலைக் கூண்டு ஒன்று ஏறக்குறைய 1,000 லிட்டர் கொள்ளும். அடியில் இருப்பது சுருங்கிக்கொண்டே போவதால் கூண்டு நிறைவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். இப்படி மூன்று கூண்டு வேண்டும்: ஒன்று நிறையும், ஒன்று மக்கும், ஒன்றிலிருந்து உரம் எடுப்பீர்கள். இரண்டோடு நிறுத்தினால் பாதி மக்கியதைக் கிளற வேண்டிய நிலை வரும்.

வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு அங்குலமானால் எலி நுழையும், அடிப்பக்கம் திறந்திருந்தால் பெருச்சாளி தோண்டும். அதனால் அடியிலும் வலை போட்டு, அதன் மேல் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்குங்கள். செங்கல் மேல் அரை அடிக்குச் சுள்ளி அல்லது தேங்காய் மட்டை. காற்று கீழிருந்து மேலே போக இதுதான் வழி. முன்பக்கம் கதவு மாதிரித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளறுபவரின் முதுகு போய்விடும்.

தினமும் ஒரு வாளி ஈரக் கழிவுக்கு நொறுக்கிய சருகு ஒரு வாளி. நொறுக்காத சருகானால் இரண்டு. சருகு இல்லாத தெருவில் காய்ந்த தென்னை நார்த்தூள் 10 கிலோ கழிவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ. தொடக்கத்தில் நுண்ணுயிருக்காக ஒரு கூடை பழைய உரம் போடுங்கள். அது இல்லையென்றால் 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சாணத்தையோ ஒரு லிட்டர் புளித்த மோரையோ கரைத்துத் தெளிக்கலாம். கடையில் விற்கும் பொடி அவசியமில்லை. கடைசியாக மேலே இரண்டு அங்குலம் சருகு மூட வேண்டும். ஈ வராமல் தடுப்பது இந்த மூடல்தான், அவசரத்தில் விடுபடுவதும் இதுதான்.

மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. களை விதையும் கிருமியும் சாகும் வெப்பம் அது. ஐந்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். நிறைந்த நாளிலிருந்து 40, 45 நாளில் மண்வாசனை வரும், சூடு இருக்காது. சல்லடையில் சலித்தால் 100 கிலோ கழிவுக்கு 15 முதல் 20 கிலோ உரம் கிடைக்கும். சல்லடையில் தங்குவதை அடுத்த கூண்டில் போடுங்கள், அதுவே சிறந்த உறைமோர்.

நாற்றம் வருகிறது. என்ன செய்வது?

நாற்றத்தின் வகையைப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, நீர் அதிகம். கிளறிவிட்டுச் சருகு சேர்த்தால் இரண்டு நாளில் போகும். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி என்றால் மீன், கறி, கீரைத் தண்டு அதிகமாகி, சருகு போதவில்லை. ஈரப்பதத்தைச் சோதிக்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் போதாது.

தடித்த, சாம்பல் நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள். அவை கறுப்பு நிறப் பெரிய ஈ ஒன்றின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், நோய் பரப்பாது. சிறிய வெள்ளைப் புழு என்றால் வீட்டு ஈ. மேல் மூடலில் குறை.

மீந்த சாம்பார், எலும்பு, எலுமிச்சைத் தோல்?

சாம்பாரை வடித்துவிட்டுக் கெட்டியை மட்டும் போடுங்கள். எலுமிச்சை, வெங்காயத் தோல் தாராளமாகப் போடலாம். மீன், கோழி எலும்பை நடுவில் புதைத்தால் மக்கும். ஆட்டு எலும்பு மக்காது. ஊறுகாய், பொரித்த எண்ணெய் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் தொட்டி குழம்பாகிவிடுகிறது.

அக்டோபரில் யோசித்தால் தாமதம். சென்னையில் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் வாதுமையும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை கொட்டுகின்றன. அப்போது தெருவில் கொளுத்துவதைத் தடுத்து, காலால் மிதித்து நொறுக்கி, சாக்கில் கட்டிக் கூரைக்கடியில் அடுக்குங்கள். 20 வீட்டுத் தொட்டிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறைந்தது 60 சாக்கு பிடிக்கும். அவ்வளவுக்கு இடமில்லையென்றால் பாதியைச் சருகாகவும் மீதியை நார்த்தூள் கட்டியாகவும் வையுங்கள். கூண்டுக்கு மேல் தகரமோ தார்ப்பாயோ சரிவாக வேண்டும்; தார்ப்பாய் கழிவைத் தொடக்கூடாது.

பாத்திர வங்கி எப்படி நடக்கிறது?

பிறந்தநாள், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கோயில் அன்னதானம் என எதற்கும் தட்டும் டம்ளரும் எவர்சில்வரில் இரவலாகக் கொடுப்பது. 100 பேர் விருந்துக்கு 110 தட்டு, 150 டம்ளர், 110 கிண்ணம், 120 ஸ்பூன், பரிமாறும் கரண்டி 10, வாளி 4 வேண்டும். டம்ளர் அதிகம் ஏனென்றால் பந்திக்கு முன் ஜூஸ், பின் காபி என்று ஒருவரே இரண்டு எடுப்பார். வாங்கும் கடையிலேயே தெருப்பெயரை வெட்டித் தரச் சொல்லுங்கள். பெயர் வெட்டிய பாத்திரம் வீட்டுப் பாத்திரத்தோடு கலந்தாலும் திரும்பி வரும்.

வாடகை வாங்காமல் முன்பணம் மட்டும் வாங்கி, குறைந்ததற்குக் கழித்துத் தருவதுதான் சிக்கலில்லாத முறை. 25, 25 ஆக அடுக்கிக் கட்டி வைத்தால் எண்ணுவது ஐந்து நிமிட வேலை. அதிகம் காணாமல் போவது ஸ்பூன், அதுவும் எச்சில் இலையோடு. இலை போடும் தொட்டியின் அருகே ‘ஸ்பூனை இங்கே’ என்று தனி வாளி வைத்து ஒருவரை நிறுத்துங்கள். காந்தத்தை வைத்துத் தேடலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல தர எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. டம்ளர்களை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் இறுகிவிடும். உள்டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி வெளிடம்ளரை வெந்நீரில் வைத்தால் கழன்று வரும்.

கழுவுவது யார் என்பதை முன்கூட்டியே பேசுங்கள். பெரும்பாலான வங்கிகள் படுத்துப்போவது இந்த ஒரு கேள்வியில்தான்.

பழுதுபார்ப்பு மேசைக்கு என்ன வேண்டும்?

பழுதான பொருளோடு வருபவரும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்காரும் ‘ரிப்பேர் கஃபே’ 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா தொடங்கியது. நம் தெருவில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனும் தையல்காரரும் கிடைத்தால் மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் நடத்தலாம்.

மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், சால்டரிங் அயர்ன், 30 மில்லியாம்ப் கசிவுத் தடுப்பு சுவிட்ச் போட்ட பிளக் போர்டு, 100 வாட் குண்டு பல்பு வைத்த சீரிஸ் போர்டு (பல்பு வழியாகவே கருவிக்கு மின்சாரம் போகும் பலகை). எல்இடி பல்பு சீரிஸ் போர்டுக்கு உதவாது. திறந்த எதையும் முதலில் சீரிஸ் போர்டில்தான் போட வேண்டும். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் போகாது. ஆனால் இஸ்திரிப் பெட்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும். நல்ல பெட்டியிலும் பல்பு ஏறக்குறைய முழுதாக எரியும். அதற்கு மல்டிமீட்டர்தான்: 1,000 வாட் பெட்டியில் 53 ஓம், 750 வாட்டில் 70 ஓம் அளவில் காட்டினால் உள்ளே சூடேறும் கம்பிச்சுருள் நன்றாக உள்ளது. எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால் அது உயிரைக் குடிக்கும் பெட்டி, திருப்பித் தராதீர்கள்.

மிக்ஸி ஓடவில்லை என்று வருபவற்றில் சில, அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டனை அமுக்கினாலே ஓடும். மற்றவை ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தது, மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்தது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள். 2-க்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு, உப்பிய போன் பேட்டரி, கேஸ் அடுப்பு மூன்றையும் மேசைக்கு ஏற்றாதீர்கள்.

பழைய துணி?

துவைத்த, பொத்தான் இருக்கும் துணியை மட்டும் பிறருக்குக் கொடுக்கலாம். மற்றவை கால்மிதிக்கும் துடைக்கவும். கிழிந்ததை ‘ஏழைகளுக்கு’ என்று மூட்டை கட்டுவது குப்பையை இடம் மாற்றுவதுதான்.

பண்டிகை நாட்களில் என்ன மாற்றம்?

போகிக்கு முந்தைய வார இறுதியில், ஒருவருக்கு வேண்டாததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் கைமாற்றுச் சந்தை வையுங்கள். பாய், தலையணை, டயர், பழைய நாற்காலி எல்லாம் வீட்டை விட்டு வெளியே வருவது அப்போதுதான். முன்பே வாங்கிவிட்டால் விடியற்காலைத் தீயில் போவது குறையும். யாருக்கும் வேண்டாததை மாநகராட்சிக்குக் கொடுத்துவிடலாம்.

தீபாவளிப் பட்டாசுக் குப்பை தனிச் சாக்கில். சென்னையில் அதைத் தனியாகச் சேகரித்து கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். வெடிக்காததை ஒரு வாளி நீரில் இரவு முழுக்க ஊறவைத்த பிறகே சாக்கில் போடுங்கள். உரத்தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

ஆயுதபூஜை மறுநாள் வாழைக்கன்றும் பூசணிக்காயும் மலைபோல் குவியும். வாழைத்தண்டில் பெரும்பகுதி நீர். துண்டாக்கினாலும் ஒரே நாளில் தொட்டியில் போட்டால் மூழ்கடித்துவிடும். நான்கைந்து நாளுக்குப் பரப்பிப் போடுங்கள், சருகு இரட்டிப்பு. நடுரோட்டில் உடைத்த பூசணியை அன்றிரவே அள்ளிவிடுங்கள். இரு சக்கர வண்டிகள் வழுக்குவது அதில்தான்.

அனுமதி வேண்டுமா?

உங்கள் வளாகத்துக்குள் என்றால் சங்கத் தீர்மானம் போதும். தெருவோரம், பூங்கா, மாநகராட்சி இடம் என்றால் மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாற்றலானதும் காணாமல் போகும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் வளாகமென்றால் அனுமதி கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை: ஈரக் கழிவைக் கையாளும் பொறுப்பு விதிப்படி வளாகத்துடையதே.

உரத்தை விற்கலாமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். கழிவு கொடுத்த வீடுகளுக்கே ஆளுக்கு இரண்டு கிலோ கொடுங்கள். மாடித் தோட்டத்துக்கு மண் இரண்டு பங்கு, உரம் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு. கொடுக்கும் முன் ஒரு டப்பாவில் வெந்தயத்தை விதைத்துப் பாருங்கள். நான்கு நாளில் நன்றாக முளைத்தால் உரம் முதிர்ந்துவிட்டது. முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள்.